மதிலோரப் பூப்பாத்தியில் களையை எவ்வளவு கண்டிப்பாகப் பிடுங்க வேண்டும்?

கேள்வியை முதலில் என் சொல்லில் எழுதிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீடு. மதிலோரமாக 40 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பூப்பாத்தி. செவ்வரத்தை, எக்சோரா, குரோட்டன், இடையிடையே பட்டிப்பூவும் வாடாமல்லிகையும். கிழமைக்கு ஒருக்கால் ஒரு புல்லும் மிஞ்சாமல் செருக்க (மேல்மண்ணோடு சுரண்டி எடுக்க) வேண்டும் என்று மாமி சொல்கிறார். வேலைக்குப் போய்வரும் உங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. சிலதை விட்டால் பூக்கன்றுகளுக்குக் கேடு வருமா, எவ்வளவு கண்டிப்பாக இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "விட்டால் நான் அசண்டையாக இருக்கிறேன் என்று ஆகிவிடுமா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்துத் தோட்டங்களில் அலைந்தவன். ஓய்வுக்குப் பிறகு உரும்பிராயில் என் வளவில் பூக்கன்றுகளோடுதான் காலைப்பொழுது போகிறது. கண்டிப்பு பாத்தி முழுவதற்கும் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை என்பதே என் அனுபவம். நாலைந்து பூண்டுகளிடம் துளியும் இரக்கம் காட்டக்கூடாது. வருடத்தில் இரண்டு மாதம் கவனமாக நிற்க வேண்டும். மற்றவற்றை, மற்ற நாட்களில், பார்த்துப் பார்த்து விடலாம். சும்மா விடச் சொல்லவில்லை. எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும்.

மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் முற்றம் என்றால் விடியக் கூட்டி, விளக்குமாற்றின் கோடு தெரிய வெறும் மண்ணாக இருக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் உண்டு. நெல்லும் ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்த இடம் அது. பிள்ளைகள் தவழ்ந்த இடம். இரவில் கைவிளக்கோடு நடக்கும்போது பாம்பு கிடந்தால் கண்ணில் பட வேண்டிய இடம். அங்கே ஒரு புல்லும் கூடாது என்பது அனுபவத்தில் வந்த சட்டம். முன்பு வேலியடியில் யாரும் அந்தச் சட்டத்தைப் பிடிக்கவில்லை. கிளுவையும் பூவரசும் நின்ற வேலியில் முசுட்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் படர்ந்தபடியே இருந்தன. கறிக்கும் மருந்துக்கும் அங்கேதான் கை போனது. வேலி போய் மதில் வந்தபோது, வேலியடி இருந்த இடத்தில் பூப்பாத்தி வந்தது. அப்போது முற்றத்தின் சட்டம் மதில்வரை நீண்டுவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

இனிச் செடியின் பக்கம் இருந்து பார்ப்போம். களை பூக்கன்றுக்கு எப்போது உண்மையில் கேடு செய்யும்? நட்ட புதிதில். முதல் ஆறு கிழமைக்குள் வேர் இன்னும் பரவவில்லை. பக்கத்தில் நிற்கும் புல் நீரையும் தழைச்சத்தையும் முந்தி இழுத்துக்கொள்ளும். வாடாமல்லிகை, செவ்வந்தி போல ஒரு பருவத்தில் முடிந்துபோகும் கன்றுகளுக்கு இது இன்னும் கடுமை. அந்த நாட்களில் தோட்டத்து மிளகாய்க்குக் களை பிடுங்குவது போலவே பிடுங்குங்கள், ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். மூன்று நாலு வயதான செவ்வரத்தைக்கும் குரோட்டனுக்கும் கதை வேறு. வேர் கீழே போய்விட்டது. அடியில் கீழ்க்காய்நெல்லி நாலு நின்றால் அந்த மரத்துக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் புல் வகை அடியை மூடிக் கம்பளமாகப் படர்ந்தால் வளர்ந்த செடியும் இளைக்கும். அகன்ற இலைச் சிறு பூண்டையும் புல்லையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்.

விடவே கூடாதவற்றில் முதலாவது பாத்தீனியம். கரட் இலை போல வெட்டுப்பட்ட இலை, மேலே சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. எங்கள் பக்கம் வந்த பிறகு தெருவோரம், வெறுங்காணி, குப்பைமேடு எல்லாம் பிடித்துவிட்டது. இந்தியப் படை வந்த காலத்தில் ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். 1987ஐ ஒட்டிய அந்தக் கதை பலர் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது, ஆனாலும் அதை நான் நிரூபணமாக எடுத்துக்கொள்வதில்லை. உறுதியானது என்னவென்றால், முளைத்து ஒரு மாதம் சொச்சத்தில் பூக்கும்; நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும்; அந்த விதை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்தச் செடியும் அதன் மகரந்தமும் தோலில் கடியும் (அரிப்பும்) புண்ணும், மூச்சில் இழுப்பும் கொண்டுவரும். சட்டப்படியும் இது ஒழிக்க வேண்டிய களை. கையுறை போட்டு, மண் ஈரமாக இருக்கும்போது, பூக்க முன் வேரோடு இழுங்கள். பூத்துவிட்டதென்றால் அதைக் கூட்டெருக் குழியில் போடாதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். ஒரு பையில் கட்டிக் காயவிட்டு ஆழப் புதையுங்கள். கையில் ஏற்கெனவே கடி இருக்கிறதென்றால் நீங்கள் இதைத் தொடவே வேண்டாம், வேறொருவரை விடுங்கள். தோல் விஷயத்தில் அதற்கு மேல் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

இரண்டாவது கோரை. உங்கள் மாமி கிழமைக்கு ஒருக்கால் செருக்கியும் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிய புல், அநேகமாக இதுதான். ஒன்றைப் பிடுங்கித் தண்டை விரலுக்குள் உருட்டிப் பாருங்கள்; மூன்று பக்கமாக முனை தட்டுப்பட்டால் கோரை. மேலே தெரிவது அதன் சின்னப் பங்கு. கீழே கிழங்குக்குக் கிழங்கு நூல் கோத்தது போலத் தொடர்ந்து போகும். அந்தத் தொடரில் ஒரு கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் தூங்கும். மண்வெட்டியால் கொத்தித் தொடரைத் துண்டாக்கினால் தூங்கியவை எல்லாம் தனித்தனியே முளைக்கும். ஆத்திரத்தில் கொத்தக் கொத்தப் பெருகுவது இதனால்தான். இதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. ஓய்வுபெற்ற வருடம் பூப்பாத்தி உயர்த்த ஒரு லோட் மண் வாங்கிப் போட்டேன். பார்க்க நல்ல செம்மண். மழை விழுந்து பத்தாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை ஊசியாகக் கோரை எழும்பியது. அதை அடக்க எனக்கு மூன்று மாரி பிடித்தது. அன்றிலிருந்து வெளி மண்ணோ எருவோ வந்தால், ஒரு மூலையில் குவித்துத் தண்ணீர் தெளித்து, மூன்று கிழமை பார்த்த பிறகுதான் பாத்திக்குள் விடுகிறேன்.

கோரைக்கு இரண்டு வழிதான் எனக்குக் கைகொடுத்தது. ஒன்று, தவறாமல் பிடுங்குவது: இரண்டு கிழமைக்கு ஒருக்கால், நாலைந்து இலை வந்ததும், சின்ன அலவாங்காலோ கரண்டியாலோ நெம்பிக் கிழங்கோடு எடுப்பது. இலை வெளியில் நின்று சம்பாதித்தால்தான் கிழங்குக்குச் சாப்பாடு, சம்பாதிக்க விடாதீர்கள். மற்றது நிழல். கோரைக்கு வெயில் வேண்டும், நிழலில் சோரும். குரோட்டனை நெருக்கி நட்டு, இடையில் நிலம் மூடும் செடி ஏதாவது விட்டேன். பிடுங்கினதைவிட அந்த நிழல்தான் அதிகம் வேலை செய்தது. வைக்கோல் மூடாக்கு கோரையை மறிக்காது, அதன் கூர்முனை அதற்குள்ளால் குத்திக்கொண்டு வந்துவிடும்.

அறுகும் பாத்திக்குள் கூடாது, கணு ஒவ்வொன்றிலும் வேர் விட்டுச் செடியின் அடிக்குள்ளே போய்விடும். பிடித்துவைக்கும் பிள்ளையாருக்குக் குத்த வேண்டும் என்றால் கிணற்றடியில் ஒரு தட்டளவு இடத்தில் வைத்திருங்கள். நெருஞ்சியும் நாயுருவியும் காய்க்க முன் போக வேண்டும். ஒன்று காலைக் குத்தும், மற்றது சாரத்திலும் பாவாடையிலும் ஒட்டி வளவெல்லாம் போகும். பலர் கவனிக்காதது மதில் வெடிப்பில் காகம் போட்ட ஆலும் அரசும், பாத்திக்குள் முளைக்கும் வேம்பும் இப்பிலிப்பிலும். இரண்டு இலையில் இருக்கும்போது இரு விரலால் வரும். இரண்டு வருடம் விட்டால் மதிலைத்தான் உடைக்க வேண்டும்.

இனி நான் விட்டுவைப்பவை. மதிலில் ஏறும் முசுட்டை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை. முசுட்டை இலையில் ஒரு வறை வறுத்துச் சாப்பிட்ட வீட்டில் அதைக் களை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. எக்சோராவை மூடாமல் கொழுந்தைக் கறிக்குக் கிள்ளிக்கொண்டிருந்தால் அதுவே கத்தரிப்பு. சாரணை மழைக்கு முளைத்து நிலத்தோடு படரும். இளசாகப் பிடுங்கினால் அதுவும் வறைதான். தும்பை, பூசைக்கு எடுக்கலாம். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக நிலத்தில் படர்ந்து நிற்கும் மூக்குத்திப்பூவில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள், தேனீயும் சின்ன வண்ணத்துப்பூச்சியும் அதைச் சுற்றியே நிற்கும். ஆடுதின்னாப்பாளை கண்ணில் பட்டால் நான் அதைச் சுற்றி ஒரு தடி நட்டு அடையாளம் வைப்பேன். கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அந்தக் கொடியில்தான். எருக்கலையும் அப்படித்தான், செம்மஞ்சள் சிறகுக்காரனின் புழு அதன் இலையைத் தின்று வளரும். ஆனால் எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது, சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் வேண்டாம்.

அப்புறம் கார்த்திகைப்பூ. மாரியில் வேலியடியில் தானாக எழும்பி, இலை நுனியாலேயே கம்பியைப் பிடித்து ஏறி, மஞ்சளும் சிவப்புமாகத் தீ போலப் பூக்கும். கோடையில் மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். ஐப்பசியில் மூக்கு நீட்டும்போது பார்க்க ஏதோ ஒரு பூண்டின் முளை போலத்தான் இருக்கும். கிழமைக்கு ஒருக்கால் எல்லாவற்றையும் செருக்கும் வீட்டில் அது ஒருநாளும் பூக்காது. என் வீட்டு வேலியோரத்தில் இருந்ததை அப்படித்தான் இழந்தோம். வந்த முளையையெல்லாம் இரண்டு வருடம் செருக்கினோம், மூன்றாம் வருடம் வரவில்லை. இப்போது நிற்பது பிறகு தேடி வைத்தது. ஒன்றை மறக்காதீர்கள், அந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

களைகளை விட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் வந்து பீடையை அடக்கும் என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். பூச்சிகள் வருவது உண்மை, கண்ணால் காண்பது. அதனால் உங்கள் செவ்வரத்தையில் பீடை குறையும் என்று ஒரு வீட்டுப் பாத்தி அளவில் நான் வாக்குத் தர மாட்டேன். மறுபக்கமும் இருக்கிறது. வெண்மூட்டுப்பூச்சியும் வெண்ஈயும் பல பூண்டுகளில் தங்கி நின்று பயிருக்குத் தாவும். பப்பாசியை அழித்த வெண்மூட்டுப்பூச்சி 2008இல் இலங்கைக்கு வந்தபோது செவ்வரத்தையிலும் பாத்தீனியத்திலும் சேர்ந்தே பஞ்சு போல அப்பிக் கிடந்தது. எனவே விட்டுவைத்த பூண்டின் இலையைக் கிழமைக்கு ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு கண்டால் அந்தச் செடி அன்றைக்கே போக வேண்டும். பாத்திக்குப் பக்கத்தில் மிளகாயோ வெண்டியோ நட்டிருந்தால் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன்.

பாம்பு, நுளம்பு என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். புடையனும் சுருட்டையும் உள்ள ஊர் இது, பயம் நியாயமானது. ஆனால் பாம்புக்கு ஒளிக்க இடம் தருவது முழங்காலுக்கு மேல் போன பத்தை, குவித்த கிடுகு, கல்லுக் கும்பம், எலி வளை. கணுக்கால் உயரப் பூண்டுக்குள் மண் தெரிந்தால் போதும். ஒரு பாத்தியை விட்டுவைப்பதென்றால் உயரத்தை விடாதீர்கள், கைவைக்க முன் தடியால் தட்டுங்கள். டெங்கு நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நீரில்தான். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டையும் யோகட் கோப்பையும்தான் ஆபத்து. மாரி தொடங்க முன் பாத்திக்குள் ஒரு முறை குப்பை பொறுக்கினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை.

எந்த நாளில் கண்டிப்பு என்பதுதான் எனக்கு மிக முக்கியம். எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டி முடிந்துவிடும். முதல் நல்ல மழைக்குப் பதினைந்து, இருபது நாளில் வருடத்துக் களையில் பெரும்பங்கு ஒரே நேரத்தில் விரலளவு உயரத்தில் நிற்கும். அப்போது வெயில் எறிக்கும் ஒரு காலையில் உழவாரையை (புல் செருக்கும் கருவியை) எடுத்து மேலால் மட்டும் செருக்குங்கள். ஆழக் கொத்தினால் அடியில் தூங்கும் விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து புதுக் களை விதைத்தது போலாகும். செருக்கியதை வெயிலில் வாடவிட்டு, அதன்மேல் பூவரசங்குழையோ சீமைக்கிளுவைக் குழையோ வைக்கோலோ மூன்று விரல் தடிப்பில் பரப்புங்கள். தோட்டத்தில் குழை தாழ்த்தியவர்களுக்கு (பசளைக்காக இலைதழையை மண்ணுக்குள் புதைத்தவர்களுக்கு) இது புதிதல்ல. அதற்குப் பிறகு தை வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அரைமணி நேரம், பூக்கப்போகிற களையை மட்டும் பார்த்துப் பிடுங்கினால் போதும். மாசிக்குப் பின் நீர் ஊற்றும் இடத்தில்தான் களை வரும். அப்போது வெறும் மண்ணாகச் செருக்கி வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோளகக் காற்று வீசும்போது அந்தச் செம்மண்தான் தூசியாகப் பறந்து யன்னலுக்குள் வருகிறது. மூடாத மண் கொதித்து, கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரும் வீணாகும்.

களைநாசினி அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் தடை நீங்கியது. கடையில் கிடைக்கிறது என்பதால் 40 அடிப் பாத்திக்கு அது தேவை என்று ஆகாது. அது பூக்கன்றையும் களையையும் பிரித்தறியாது. காற்றில் வந்த சாரலால் ஒரு வீட்டு மல்லிகைப் பந்தல் முழுவதும் இலை சிறுத்துச் சுருண்டதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அதோடு எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நீரைத்தான் குடிக்கிறோம். உரத்தாலும் மலக்குழியாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடி நிற்கிறது. கிளைபோசேட் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும், அதனால் கிணற்றுக்கு எளிதில் போகாது என்பார்கள். பொதுவாக அது சரிதான். ஆனாலும் கையால் முடியும் வேலைக்குக் கிணற்றடியில் மருந்து தெளிக்க என்னால் சொல்ல முடியாது.

நான் சொன்னதெல்லாம் செம்மண்ணுக்கு. வடமராட்சிக் கரையோர மணலில் களை இலேசாக வரும், மூடாக்கும் விரைவில் உக்கிப்போகும், கணக்கு மாறும். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணியில் இருந்து யாராவது இதை வாசித்தால், கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதிப்படுத்தாமல் பத்தைக்குள் மண்வெட்டி போடாதீர்கள். பழைய இரும்பு எது கண்டாலும் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

சரி, மாமியின் விஷயம். பாத்திக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் நூல் பிடித்து ஒரு கோடு வெட்டுங்கள். அரைச் செங்கல் வரிசையாகப் பதித்தாலும் சரி. அந்தக் கோட்டில் ஒரு புல்லும் நிற்கக்கூடாது, அங்கே மாமியின் சட்டம். முற்றத்தில் இருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கோடுதான். அது நேராகவும் சுத்தமாகவும் இருந்தால், உள்ளே நிற்கும் தும்பை வேண்டுமென்றே விட்டது என்று தெரியும். பாத்தீனியத்தையும் கோரையையும் நீங்கள் தவறாமல் எடுப்பதை அவர் பார்க்கட்டும். முசுட்டை கொழுந்து விட்டதும் முதல் வறையை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன், அந்தத் திரும்பத் திரும்ப வரும் புல்லில் ஒன்றைக் கிழங்கோடு தோண்டி எடுத்து ஒரு படம் போடுங்கள். அது கோரைதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.